பொந்தின் வாயில் வெள்ளித் தாள்

என் தம்பி இனியனுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. பெங்களூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறவர்களை லீவு நாளில் மலைக்குக் கூட்டிப் போய், ஏற்றி இறக்கி, போட்டோ எடுத்து அனுப்புகிற கம்பெனியில் அவனுக்கு வேலை. நடப்பதற்குக் காசு கட்டுகிற ஜனங்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். நானும் தினமும் கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு ஓடி, பெங்களூரில் இறங்கி மறுபடி ஓடுகிறேன். என்னை யாரும் போட்டோ எடுத்ததில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை வந்து நின்றான். "நம்ம ஊர்லயே ஒரு ரூட் போடப் போறேன்க்கா" என்றான். பாலகாட் மைன்ஸைத் தாண்டிப் போனால் பாறையும் முள்ளுமாக ஒரு குன்று இருக்கிறது. அதன் உச்சியில் நின்றால், தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேடுகள் மொத்தமும் தெரியும். பெங்களூர்க்காரர்களுக்கு அது பெரிய காட்சியாம். காற்றடித்தால் அந்த மேட்டு மண்தான் எங்கள் சோற்றில் விழுகிறது, அதைப் பார்க்க வேன் வைத்துக்கொண்டு வருவார்களாம். நல்லா இருக்கு என்று நினைத்துக்கொண்டேன். "நெல்லிக்கா நெறைய கீது, நீயும் வா" என்றான். நெல்லிக்காய்க்காகத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை.

சென்னைப் பக்கம் புயல் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்னைக்குப் புயல் என்றால் எங்களுக்குத் தூறல், அது வழக்கம். என் வீட்டுக்காரர் தர்மராஜ் மட்டும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் போறீங்க?" என்று கேட்டார். "வெள்ளைக்காரன் பொந்து பக்கம்" என்றேன். அந்தக் காலத்தில் தங்கம் இருக்கிறதா என்று பார்க்கக் குன்றின் பக்கவாட்டில் குடைந்த ஓட்டை அது. ஆடு மேய்க்கிறவர்கள் வைத்த பெயர்.

தூறல் இல்லை. மதியத்துக்கு மேல் வானம் பிய்த்துக்கொண்டது. நாங்கள் அப்போது குன்றின் பின்பக்கச் சரிவில் இருந்தோம். காற்று ஆளைத் தள்ளியது, பாறையெல்லாம் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கியது. முன்னால் இறங்கிக்கொண்டிருந்த இனியன் திரும்பி என்னிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தான், அதற்குள் ஆள் கீழே. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் உருண்டது. கணுக்காலில் ஒரு சத்தம் கேட்டது. மழை இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.

தர்மராஜுக்குப் போன் போட்டேன். "கால் ஒடஞ்சிருச்சு, இனியனுக்கு, பொந்துக்கு மேல" என்றேன். "இன்னா? இன்னா?" என்று கத்தினார். அதோடு கட்டாகிவிட்டது. மறுபடி போட்டால் சிக்னல் இல்லை. கொஞ்ச நேரத்தில் போனே தண்ணீர் குடித்துச் செத்தது. அவர் காதில் எவ்வளவு விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நானே போய் ஆள் கூட்டி வரலாம் என்று இறங்கிப் பார்த்தேன். காலையில் செருப்பு நனையாமல் தாண்டிய ஓடை இப்போது செம்மண் நிறத்தில் உறுமிக்கொண்டு ஓடியது. ஒரு கால் வைத்தேன், இழுத்தது. புல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறினேன். திரும்பி வந்தபோது இனியனுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. போட்டிருந்ததோ ஜீன்ஸும் காட்டன் சட்டையும். மலை ஏற்றுவதுதான் இவன் தொழில்! கூட்டிப்போகிற எல்லாருக்கும் ஜாக்கெட் போடச் சொல்லிப் பாடம் எடுக்கிறவன், சொந்த ஊர்தானே என்று இப்படி வந்திருக்கிறான். திட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் உதட்டைப் பார்த்ததும் விட்டுவிட்டேன், நீலமாக இருந்தது.

"பையில வெள்ளித் தாள் கீதுக்கா. ரெண்டு. எடு."

சோப்புக் கட்டி அளவுக்கு மடித்து வைத்த ஒரு சமாச்சாரம். பிரித்தால் போர்வையை விடப் பெரியது. ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் தங்க நிறம், பிடித்தால் பிஸ்கட் பாக்கெட்போல் மொறமொறவென்று சத்தம். உடம்புச் சூட்டை வெளியே விடாமல் திருப்பி அனுப்புமாம். மழையும் உள்ளே வராது. இதைப் போர்த்தியே மலையில் உயிர் பிழைத்தவர்கள் உண்டு என்று நடுங்கிக்கொண்டே விளக்கினான். முதல் தாளை விரித்து ஒரு முனையைப் பாறைமேல் கல் வைத்து அமுக்கினேன், மறு முனையை முள்மரத்தில் கட்டினேன். கட்டிய இடத்தில் ஒரு சின்னக் கிழிசல் விழுந்தது. அது அங்கேயே நிற்காமல் சர்ரென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடியது. காற்று இரண்டு பாதியையும் பிடுங்கிக்கொண்டு போயிற்று. பளபளத்துக்கொண்டே சரிவில் பறந்து ஓடைப் பக்கம் மறைந்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிச்சம் ஒன்று. இதுவும் போனால் இவன் போனான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னையே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

பொந்து எங்களுக்குக் கொஞ்சம் கீழேதான் இருந்தது. இனியனைத் தோளில் சாய்த்து, உட்காரவைத்து, இழுத்து, எப்படியோ அதன் வாய்க்குக் கொண்டுவந்தேன். குனிந்து நுழைகிற அளவு வாய். உள்ளே நிமிர்ந்து உட்காரலாம், அதற்கப்பால் இருட்டு. வாயருகே போனதுமே முகத்தில் இளஞ்சூடாக ஒரு காற்று பட்டது.

"அக்கா, சூடு!" என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

ஒன்று சொல்கிறேன். வெளியூர்க்காரர்கள் யாராவது இருந்திருந்தால் அந்த ஓட்டைக்குள் தலையை விட்டிருக்க மாட்டார்கள். இருட்டு, பாம்பு, பேய் என்று எதையாவது சொல்லி மழையிலேயே நின்றிருப்பார்கள். நாங்கள் கோலார் தங்கவயல் பிள்ளைகள். பூமிக்குள்ளே போகப் போகச் சூடு என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். எங்கள் அப்பா கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி, வெந்து போய் மேலே வருவார். ஊரில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான். மைன்ஸிலிருந்து வெப்பக் காற்று வந்தால் அது மைன்ஸ் மூச்சு, அவ்வளவுதான். அதில் பயப்பட என்ன இருக்கிறது? எங்களுக்குத் துளிகூடப் பயம் வரவில்லை. கம்பெனியில் டிரெய்னிங் எடுத்த இனியனுக்கும் வரவில்லை.

உள்ளே காய்ந்த சருகு நிறையச் சேர்ந்திருந்தது. அதன்மேல் அவனைப் படுக்கவைத்தேன். மிச்சமிருந்த தாளைப் பொந்தின் வாயில் திரைபோல் விரித்து, மேலே பாறை இடுக்கில் சொருகி, கீழே சுற்றிலும் கல் அடுக்கினேன். சாரல் நின்றது, குளிர்காற்றும் நின்றது. வெளிச்சம் தாள் வழியாக மங்கலாக வந்தது. எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

"சூப்பர்க்கா. ஒனக்கு எங்க கம்பெனில வேல தர்றேன்."

"மொதல்ல ஒனக்கு வேல இருக்குதான்னு பாரு."

அவன் ஜீன்ஸ் பையைத் துழாவி ஒரு லைட்டரை எடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "எப்போலருந்துடா?" என்றேன். "திட்டறத அப்பால திட்டு, நாலு சருக கொளுத்து" என்றான். அழுத்தினேன். பொறி வந்தது, தீ நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன். நீலமாக ஒரு நுனி தோன்றி அணைந்தது. நனைந்திருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டோம்.

பிறகு பேச்சு குறைந்தது. எனக்குத் தலை வலித்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை, வலிக்கத்தான் செய்யும். மூச்சு வாங்கியது. இவனை இழுத்து வந்தேனே, வாங்கத்தான் செய்யும். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. இனியன் நாய் இரைப்பதுபோல் வேகமாக மூச்சு விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருந்தது. சூட்டில் அடங்குகிறது, நல்லது என்று நினைத்தேன்.

"தூக்கம் வருதுக்கா."

"தூங்கு, நான் கீறேன்ல."

ஆமாம், தூங்கு என்றுதான் சொன்னேன். எனக்கும் வந்தது. சுகமான, கனமான தூக்கம், யாரோ தலையை மடியில் வைத்துக்கொள்வதுபோல. தூங்குவதற்கு முன் ஓடைத் தண்ணீர் வடிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நகர்ந்துபோய், ஒரு கல்லைத் தள்ளி, தாளின் ஓரத்தில் முகத்தை வெளியே நீட்டினேன். மழை முகத்தில் அறைந்தது. நாலு மூச்சு இழுத்தேன். தலைவலி சட்டென்று பாதியாகக் குறைந்தது. நல்லா இருக்கே என்று உள்ளே தலையை இழுத்தேன், மறுபடி கனத்தது. மறுபடி வெளியே நீட்டினேன், லேசானது.

அப்போதும் புரியவில்லை. மூளை அவ்வளவு மந்தமாகியிருந்தது. கையில் லைட்டர் இருந்தது. எதற்கு என்று தெரியாமலே, கையை வெளியே நீட்டித் தாளின் மறைவில் வைத்து அழுத்தினேன். நல்ல மஞ்சள் தீ, காற்றில் ஆடிக்கொண்டே எரிந்தது. அப்படியே உள்ளே கொண்டுவந்தேன். என் கண்ணெதிரே, யாரும் ஊதாமலே, அணைந்தது.

என் வாழ்நாளில் அதுபோல் நான் பயந்ததில்லை. புயல் நாளில் வெளியே காற்றின் அழுத்தம் குறையும்போது, மூடின சுரங்கங்களுக்குள் வருஷக்கணக்காக அடைந்து கிடக்கிற செத்த காற்று ஓட்டைகள் வழியே வழிந்து வரும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அந்த விவரம் எதுவும் தெரியாது. தீ நிற்காத இடத்தில் மனுஷன் நிற்க மாட்டான் என்பது மட்டும் தெரிந்தது. அந்த இடத்தை நானே கல் அடுக்கி மூடியிருக்கிறேன்.

"இனியா! எழுந்திரு!"

அவன் எழவில்லை. தாளை அவிழ்த்தேன். பிடுங்கினால் கிழியும் என்று ஒவ்வொரு இடுக்காக எடுத்தேன், அதற்குள் இவன் போய்விடுவானோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மடித்து, நான் போட்டிருந்த ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். ஒடிந்த கால் கல்லில் இடித்தது. கத்தவில்லையே என்றுதான் பயந்தேன். மழையில் கொண்டுவந்து போட்டுக் கன்னத்தில் அறைந்தேன். சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்த அறை எல்லாம் சேர்த்து அறைந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ அறைக்கு, "அடிக்காதக்கா" என்றான்.

இப்போது மூச்சு இருந்தது, சூடு இல்லை. பொந்தின் வாயிலிருந்து தள்ளி, மேட்டில், இரண்டு பாறைகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நின்றன. காற்றுக்கு முதுகு காட்டுகிற இடம். அங்கே அவனை இழுத்துப்போனேன்.

"டேய், இந்தத் தாள எப்டிடா கட்டறது? சொல்லு. கிழியாம கட்டணும்."

வார்த்தை குழறியது அவனுக்கு. "கூழாங்கல்லு... தாளுக்குள்ள கல்ல வெச்சி... கழுத்துல கட்டு."

மூலையில் உருண்டைக் கல்லை வைத்து, தாளை அதைச் சுற்றிக் கூட்டி, பொட்டலத்தின் கழுத்தில் கட்டுவதுபோல் அவன் ஷூ கயிற்றால் கட்டினேன். இழுத்துப் பார்த்தேன், கிழியவில்லை. இன்னொரு மூலைக்கு என் துப்பட்டாவின் கரையைக் கிழித்தேன். ஒரு பக்கம் பாறையோடு கட்டி, மறுபக்கத்தைத் தரையோடு கல் வைத்து அமுக்கி, ஆள் ஊர்ந்து நுழைகிற உயரத்துக்குச் சாய்ப்பு ஒன்று செய்தேன்.

"வெள்ளிப் பக்கம் உள்ளயா வெளியயா?"

"ஏதோ ஒண்ணு" என்றான். கண் செருகியது. "ரெண்டு பக்கமும் தொறந்து வை. கீழ... ஈரம்... கீழதான் கொல்லும்."

தரை ஈரம். கீழே போட எதுவும் இல்லை, சுற்றிலும் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த சருகு ஒரே இடத்தில்தான் இருந்தது.

வெளியே நின்று ஆழமாக மூச்சு இழுத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு பொந்துக்குள் குனிந்து போனேன். அந்த இளஞ்சூடு முகத்தில் பட்டபோது உடம்பெல்லாம் கூசியது. கொஞ்ச நேரத்துக்கு முன் கடவுளே என்று நினைத்த சூடு. இரண்டு கையாலும் சருகை வாரி இனியனின் தோள்பையில் திணித்தேன். நெஞ்சு வெடித்துவிடும்போல் ஆனதும் வெளியே ஓடிவந்து மூச்சு விட்டேன். மறுபடி போனேன். ஒருமுறை உள்ளே கால் தடுக்கி முட்டி போட்டேன், வாயைத் திறந்து அப்பா என்று கத்த வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஊர்ந்து வந்தேன். அதற்குமேல் போகத் தைரியம் இல்லை, கிடைத்தது போதும் என்று சாய்ப்புக்கடியில் கொட்டினேன்.

அவன் நனைந்த சட்டையைக் கழற்றினேன். சருகில் படுக்கவைத்து, என் ஜாக்கெட்டை அவனுக்குப் போட்டு, நானும் உள்ளே ஊர்ந்து அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கைகள் இரண்டையும் என் அக்குளில் வைத்துக்கொண்டேன், ஐஸ் கட்டி. தலைக்குமேல் தாள் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் இதோ கிழிந்தது, இதோ போயிற்று என்று உயிர் போய் வந்தது. இனியன் இப்போது நடுங்கவே இல்லை. குளிரில் நடுக்கம் நிற்பது நல்லதில்லை என்று அவனே முன்பு எப்போதோ யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

"யாருடா ஒனக்கு சிகரெட்டு வாங்கித் தந்தது? சொல்லு. சொல்றா."

"பவ்யா."

"யாரு பவ்யா?"

பவ்யா யார், கன்னடப் பொண்ணா, ஆபீஸில் வேலை செய்கிறாளா, அம்மாவுக்குத் தெரியுமா என்று காதருகே கத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றான். பிறகு அந்த "ம்" இல்லாமல் போயிற்று. முதுகைத் தேய்த்தேன், அழுதேன், அறைந்தேன், மறுபடி தேய்த்தேன். தேய்த்துத் தேய்த்துக் கை மரத்துவிட்டது. இருட்ட ஆரம்பித்த நேரத்தில் அவன் தாடை லேசாக ஆடியது. அப்புறம் தோள். அப்புறம் மொத்த உடம்பும் உதறியது. நடுங்குடா, நல்லா நடுங்கு என்று அவன் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் கீழே டார்ச் வெளிச்சம். தாளில் பட்டுச் சாய்ப்பு முழுவதும் மின்னியது. "அதோ, அதோ பளபளன்னுது!" என்று ஒரு குரல். அது தர்மராஜ் குரல். ஓடையைத் தாண்டத் தூரத்துப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். தர்மராஜ், தெருக்கோடி ராஜப்பா மாமா, மாமாவோடு இரண்டு பேர். நான் ஊர்ந்து வெளியே வந்தேன். கத்திக் கத்தித் தொண்டையில் சத்தமே வரவில்லை.

ராஜப்பா மாமா குனிந்து இனியனைத் தொட்டுப் பார்த்தார். "அய்யோ, ஜில்லுன்னு கீறானே. மழ விடற வரைக்கும் இவன எங்கனா உள்ள வைக்கணும்பா."

"பொந்து கீதே" என்றான் ஒருவன்.

"ஆமாண்டா. மைன்ஸ் சூடு இருக்கும். நம்ம ஊரு ஆளுங்களுக்கு இது தெரியாதா? இன்னா மித்ரா நீ, பக்கத்துல பொந்த வெச்சிக்கினு மழையில படுத்துக்கினு கீற! தூக்குங்கடா."

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். கையை ஆட்டினேன். "குளிர்ல பயந்து போய்ட்டா" என்று மாமா என் தோளைத் தட்டிக் கொடுத்தார். இரண்டு பேர் இனியனைத் தூக்கிவிட்டார்கள். தர்மராஜ், "இருங்க, பாம்பு கீம்பு கீதான்னு நான் மொதல்ல போய்ப் பாக்கறேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். வாயில் குனிந்தார். "அடேங்கப்பா, நல்ல சூடு" என்று சொல்லிக்கொண்டே ஒரு காலை உள்ளே வைத்தார்.

ஓடினேனா விழுந்தேனா தெரியாது. அவர் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். இருவரும் சேற்றில் மல்லாந்து விழுந்தோம். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். காற்றாக ஒரு குரல் வந்தது எனக்கு.

"கேஸ். உள்ள கேஸ்."

யாரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. மைன்ஸ் வீட்டில் பிறந்தவர்கள் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்பதில்லை. ராஜப்பா மாமா மட்டும் அந்த இருட்டு வாயைப் பார்த்துக்கொண்டே இரண்டு அடி பின்வாங்கினார். பிறகு இனியனைத் தாளோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு மழையிலேயே இறங்கினோம். அவன் தர்மராஜ் தோளில் பல் கிட்ட நடுங்கிக்கொண்டே வந்தான்.

இனியனுக்குக் கால் கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. ஆஸ்பத்திரியில் அவன் பிழைத்தான் என்று சொன்ன நேரத்தில்கூட எனக்கு அழுகை வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த தர்மராஜைப் பார்த்தபோதுதான் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் உள்ளேயே தூங்கிப் போயிருந்தால், அவர்கள் டார்ச் அடித்துப் பார்த்திருப்பது பொந்தின் வாயில் பளபளக்கிற திரையைத்தான். நல்ல வேளை, உள்ளே சூடாகத் தூங்குகிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். திரையை விலக்கிக்கொண்டு எங்களை எழுப்ப அவர் முதலில் உள்ளே வந்திருப்பார். அவர் வரவில்லையே என்று ராஜப்பா மாமா வந்திருப்பார். அவரும் வரவில்லையே என்று மற்ற இரண்டு பேரும் வந்திருப்பார்கள்.

"இன்னாத்துக்கு இப்போ அழுவுற? அதான் எல்லாரும் வந்துட்டோமே" என்றார் தர்மராஜ்.